கொழும்பில் உள்ளக வடிவமைப்பாளரை அமர்த்துமுன்: ஆவணம், செலவு, காலம்

தொடர்மாடி வீட்டின் சாவி கைக்கு வந்ததும், அல்லது பழைய வீட்டைத் திருத்துவதென்று குடும்பத்தில் முடிவானதும், கொழும்பில் பெரும்பாலானோர் முதலில் செய்வது தெரிந்தவர்களிடம் நல்ல உள்ளக வடிவமைப்பாளர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்பதுதான். உண்மையில் அந்த இலக்கம் தேவைப்படுவதற்கு முன்பே முடித்து வைக்க வேண்டிய வேலைகள் பல இருக்கின்றன. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் உள்வேலை முடிவதற்குள் நாங்கள் பட்ட அலைச்சலில் பெரும்பகுதி, எந்தக் கட்டத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லித்தர ஒருவரும் இல்லாததால் வந்தது. அடுத்ததாக இந்த வழியில் இறங்குபவர்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரைபடத்துக்கான பணத்தையும் வேலைக்கான பணத்தையும் தனித்தனியாக வைத்திருங்கள். முழுமையான வரைபடமும் அளவுப்பட்டியலும் (வேலைகளையும் பொருட்களையும் அளவோடு வரிவரியாகக் காட்டும் பட்டியல்) உங்கள் கைக்கு வரும்வரை தச்சு வேலைக்கோ சீலிங்குக்கோ ஒரு ரூபாவும் முற்பணமாகக் கொடுக்காதீர்கள். கீழேயுள்ள படிகளில் பல இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதற்காகவே இருக்கின்றன.

1. உங்களுக்கு உண்மையில் யார் தேவை?

சுவரை இடிப்பது, மாடி ஏற்றுவது, கூரையை மாற்றுவது, கழிவுநீர்க் குழாயின் பாதையைத் திருப்புவது போன்ற வேலைகள் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியவர் கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியியலாளரும் ஆவர். வீட்டின் எலும்புக்கூட்டைத் தொடாமல், அறைகளின் பயன்பாடு, குசினி, அலுமாரிகள், வெளிச்சம், சீலிங், தரை, நிறம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதற்கே உள்ளக வடிவமைப்பாளர். குசினிக்கு மட்டும் பான்ட்ரி கப்போர்ட் அடிப்பதென்றால் இருவருமே தேவையில்லை. பான்ட்ரி செய்து கொடுக்கும் நிறுவனங்கள் தாங்களே அளவெடுத்து வரைந்து தருகின்றன.

உள்ளக வடிவமைப்பாளர்களிலும் இரு வகையினர் உண்டு. ஒரு வகையினர் வரைந்து கொடுத்து, வேலையை மேற்பார்வை செய்வதோடு நின்றுகொள்வர். மற்ற வகையினர் வரைவதிலிருந்து கட்டி முடிப்பது வரை எல்லாவற்றையும் தாமே பொறுப்பேற்பர். இரண்டாவது வகை வசதியானதுதான்; வெளிநாட்டில் இருந்துகொண்டு வேலை செய்விப்பவர்களுக்கு வேறு வழியும் பெரும்பாலும் இல்லை. எனினும், வேலையின் விலையைச் சொல்பவரும் அந்த விலை நியாயமா என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியவரும் அங்கே ஒருவராகவே இருக்கிறார். ஆகவே இந்த வகையினரிடமும் வரைபடத்தைத் தனிக் கட்டணத்துக்கு முதலில் வாங்கிக்கொண்டு, வேலையைப் பற்றிப் பிறகு பேசுவதே பாதுகாப்பானது. அதற்குச் சம்மதிக்காதவரை நான் அமர்த்த மாட்டேன்.

2. வீட்டின் ஆவணங்களைத் திரட்டுங்கள்

வடிவமைப்பாளர் முதன்முறை வீட்டுக்கு வரும்போது பின்வருவனவற்றின் பிரதிகள் ஒரு கோப்பில் இருக்க வேண்டும்: உறுதி அல்லது கொள்வனவு ஒப்பந்தம், அங்கீகரிக்கப்பட்ட கட்டடத் திட்டப்படம், இணக்கச் சான்றிதழ், தொடர்மாடியாயின் கூட்டாதனத் திட்டப்படத்தில் (தனி வீடுகளையும் பொதுப் பகுதிகளையும் பிரித்துக் காட்டும் படம்) உங்கள் வீட்டைக் காட்டும் பக்கம், முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் (வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்து கட்டடத்தை நிர்வகிக்கும் அமைப்பு) விதிக்கோவை, அண்மைய மின்பட்டியல். கட்டுநரிடமிருந்து புதிதாக வாங்கிய வீடாயின் மின்கம்பிகளும் நீர்க்குழாய்களும் சுவருக்குள் செல்லும் பாதையைக் காட்டும் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் குளியலறைச் சுவரில் துளையிடுவது நீர்க்குழாயில் போய் முடியலாம்.

தொடர்மாடியில் உங்கள் கதவுக்கு உள்ளே இருப்பதெல்லாம் உங்களுடையது என்று எண்ணிவிடாதீர்கள். தூண், வளை, தாங்குசுவர், வெளிப்புறச் சுவர், பொதுக் குழாய்கள் ஆகியவை எல்லா வீட்டாருக்கும் பொதுவான கூறுகள். பல்கனியைக் கண்ணாடி போட்டு மூடி அறையாக்குவது கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றுவதால் அதற்கும் அனுமதி வேண்டும். எங்கே அனுமதி பெறுவது என்ற ஐயம் வந்தால் முதலில் உங்கள் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தையும், அங்கே தெளிவு கிடைக்காவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையையும் எழுத்தில் கேளுங்கள். தனி வீடாயின், அமைப்பை மாற்றும் எந்த வேலைக்கும் உங்கள் பிரதேசத்துக்குரிய உள்ளூராட்சி மன்றத்தில், கொழும்பு நகருக்குள் என்றால் மாநகர சபையில், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

புதிய உயர்ந்த கட்டடங்கள் சிலவற்றில் கொங்கிரீட் தளத்துக்குள் இழுத்து இறுக்கிய உருக்குக் கம்பிகள் ஓடுகின்றன. அப்படிப்பட்ட தளத்தில் சீலிங் தொங்கவிட எவ்வளவு ஆழத்துக்குத் துளையிடலாம் என்பதைக் கட்டட முகாமையாளரிடம் எழுத்தில் பெற்று வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். இதை வாய்ப்பேச்சாக விடக்கூடாது.

கட்டட முகாமையாளரிடம் வேறு சிலவற்றையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: வேலை செய்ய அனுமதிக்கப்படும் நாட்களும் நேரமும், திருப்பித் தரப்படும் வைப்புப் பணம் எவ்வளவு, வேலையாட்களின் தேசிய அடையாள அட்டைப் பிரதிகளை யாரிடம் கொடுப்பது, இடிபாடுகளை எங்கே எத்தனை மணிக்குள் இறக்குவது, லிஃப்டின் உள்ளளவு என்ன. கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். பிளைவுட்டும் மெலமைன் பலகையும் 8 அடிக்கு 4 அடி அளவில் வருபவை; அவை லிஃப்டுக்குள் நுழையாவிட்டால் படிக்கட்டு வழியாக ஏற்றுகூலி கொடுத்துத் தூக்க வேண்டும், அல்லது கடையிலேயே வெட்டிக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவு முதல் விலைக்கூற்றில் அநேகமாக இருக்காது.

3. தேவைகளை எழுதி வையுங்கள்

தொலைபேசியில் சேர்த்து வைத்த அழகான படங்களைக் காட்டுவதால் வடிவமைப்பாளருக்கு உங்கள் இரசனை விளங்கும். உங்கள் வீட்டில் நாளாந்தம் என்ன நடக்கிறது என்பது விளங்காது. ஆகவே வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் எந்த அறையில் என்ன செய்கிறார் என்பதை இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ உறவினர் வந்து தங்குவது வழக்கமா, தங்கினால் எத்தனை பேருக்குப் பாய் விரிக்க இடம் வேண்டும், மூட்டு வலியுள்ள பெற்றோருக்குக் குளியலறையில் கைபிடி வேண்டுமா, சாமி அறை தனியாக வேண்டுமா அல்லது கதவுள்ள ஒரு மாடம் போதுமா, விளக்கேற்றும் இடத்துக்கு மேலே பலகை வரலாமா என்பன போன்றவை இதில் வர வேண்டும்.

குசினியைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதுங்கள். முன்மாதிரிப் படங்களில் வரும் குசினிகளில் தேங்காய் துருவுவதில்லை, மீன் வெட்டுவதில்லை, மிளகாய் வறுப்பதில்லை. கிறைண்டர், திருவலை, இடியப்பத் தட்டுகள், பெரிய சோற்றுப் பானை, அரிசி மூட்டை, 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்றும் மாற்றுச் சிலிண்டர் ஒன்றும் எங்கே இருக்கப் போகின்றன என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் கப்போர்ட்டின் அடிப்பகுதியில் காற்றுத் துவாரம் இருந்தே ஆக வேண்டும், அது வரைபடத்திலும் காட்டப்பட வேண்டும். மேடையின் உயரம் சமைப்பவரின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். 34 முதல் 36 அங்குலம் வழமையான அளவு என்றாலும், நாள்தோறும் அங்கே நிற்கப்போகிறவரை நிற்கவைத்து அளப்பதே சரியானது.

மின்சாரத்தையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். 30 அம்பியர் ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பில் 230 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 6.9 கிலோவாட்தான் ஒரே நேரத்தில் எடுக்கலாம். இரண்டு குளிரூட்டிகள், ஒரு இன்டக்ஷன் அடுப்பு, ஒரு உடனடிச் சுடுநீர்க் கருவி ஆகியவை சேர்ந்து ஓடினால் அந்த எல்லையை எளிதில் தாண்டும். பழைய வீடுகளில் 5, 15 அம்பியர் வட்ட முனைச் செருகித் துளைகள் இருக்கும். இப்போதைய நியமம் 13 அம்பியர் சதுர முனை. இவற்றை மாற்றுவதும், தேவையாயின் மூன்று கட்ட இணைப்புக்கு விண்ணப்பிப்பதும் சீலிங் போடுவதற்கு முன் முடிய வேண்டிய காரியங்கள்.

4. செலவுக்கு ஒரு கூரை போடுங்கள்

வடிவமைப்பாளர் உங்கள் செலவெல்லையைக் கேட்பார். அதை மறைப்பதால் பயனில்லை. ஆனால் கையில் உள்ள முழுத் தொகையைச் சொல்லவும் கூடாது. கணக்கை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். உங்களிடம் 50 இலட்சம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்பாராத செலவுக்குப் பத்து வீதமாக 5 இலட்சத்தை முதலில் எடுத்து வையுங்கள். பழைய வீடாயின் 15 வீதம் ஒதுக்குவது நல்லது. குளிரூட்டி, குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, திரைச்சீலை ஆகியவற்றுக்கு 8 இலட்சம், வடிவமைப்புக் கட்டணத்துக்கு 3 இலட்சம் என்றால் வேலைக்கு எஞ்சுவது 34 இலட்சம். வேலை செய்யும் நிறுவனம் பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்ததாக இருந்தால், 2024 ஜனவரி முதல் அமுலிலுள்ள 18 வீத வற் வரியும் அந்த 34 இலட்சத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். அப்படியானால் வரிக்கு முந்திய விலைக்கூற்று ஏறத்தாழ 28 இலட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டக்கூடாது. வடிவமைப்பாளரிடம் சொல்ல வேண்டிய எண் இதுதான். 50 இலட்சம் என்று சொல்லிவிட்டு, 50 இலட்சத்துக்கே வரையப்பட்ட வீட்டைப் பிறகு வெட்டிச் சுருக்குவது எல்லோருக்கும் மனக்கசப்பைத் தரும்.

விலைக்கூற்றின் அடியில் "வரி நீங்கலாக" என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வற் வரிக்குப் பதிவு செய்யாத ஒருவர் அந்த வரியை உங்களிடம் அறவிட முடியாது. ஆகவே வரி கேட்பவரிடம் பதிவு இலக்கத்தையும் வரி விலைப்பட்டியலையும் கேளுங்கள்.

குளியலறைப் பொருத்திகள், கீல்கள், இழுப்பறைத் தண்டவாளங்கள், விளக்குகள் எல்லாம் பெரும்பாலும் இறக்குமதியானவை என்பதால் டொலரோடு அவற்றின் விலையும் அசையும். விலைக்கூற்று எத்தனை நாட்களுக்குச் செல்லுபடியாகும் என்று கேட்டு, அந்தக் காலத்துக்குள் முடிவெடுங்கள்.

5. ஆளைத் தேடுதலும் சோதித்தலும்

கட்டடக் கலைஞர்களுக்கு 1976 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் இருக்கிறது. ஒருவர் அதில் உறுப்பினரா என்பதை விசாரித்து அறியலாம். உள்ளக வடிவமைப்பாளர் என்ற பெயரையோ, நடைமுறையில், ஒரு கணினியும் ஒரு முகநூல் பக்கமும் உள்ள எவரும் போட்டுக்கொள்வதைக் காண்கிறோம். அதனால் சோதிக்கும் பொறுப்பு உங்களுடையது.

முதலில் பதிவு. தனியாள் வணிகமாயின் வணிகப் பெயர்ப் பதிவுச் சான்றிதழின் பிரதியையும், கம்பனியாயின் பதிவு இலக்கத்தையும் கேளுங்கள். கம்பனிப் பெயரைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். விலைக்கூற்றில் உள்ள பெயரும், ஒப்பந்தத்தில் உள்ள பெயரும், வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் மூன்றாக இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

பிறகு, அவர் செய்த வீடுகள். புதிதாக முடித்த வீட்டைக் காட்டுவதற்கு எல்லோரும் ஆவலாக இருப்பர். அது எப்படியும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது, முடித்து மூன்று வருடமாவது கடந்த ஒரு வீட்டை. கடலோரப் பக்கமான வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் உப்புக் காற்றில் கீல்கள் கறள் பிடித்திருக்கிறதா, குளியலறைக் கதவின் அடிப்பலகை ஊதியிருக்கிறதா, கழுவுதொட்டிக்குக் கீழே உள்ள கப்போர்ட் பூஞ்சணம் மணக்கிறதா என்பவை அங்கே மறையாமல் தெரியும். வீட்டுக்காரரிடம் தனியாகப் பேச முடிந்தால் இரண்டு கேள்விகள் போதும்: சொன்ன விலைக்கும் முடிந்த விலைக்கும் எவ்வளவு வித்தியாசம்? முடிந்த பிறகு பழுது என்று அழைத்தபோது வந்தார்களா?

மொழியையும் கவனியுங்கள். வேலையாட்கள் பெரும்பாலும் சிங்களத்தில் பேசுவர், வரைபடமும் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில் இருக்கும், வீட்டில் பகல் முழுவதும் இருக்கப்போகிறவர் தமிழ் மட்டும் பேசும் உங்கள் தாயாராக இருக்கலாம். வேலைத்தளத்தில் யார் யாருக்கு விளக்கம் சொல்வது என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

6. கட்டண முறையை விளங்கிக்கொள்ளுங்கள்

கட்டணம் பொதுவாக மூன்று விதமாகக் கேட்கப்படும்: சதுர அடிக்கு இவ்வளவு, வேலையின் மொத்தச் செலவில் இத்தனை வீதம், அல்லது முழு வரைபட வேலைக்கும் ஒரே தொகை. வீதக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. 12 வீதம் என்றால் 30 இலட்ச வேலைக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம்; அதே வேலை 45 இலட்சமாக வீங்கினால் கட்டணமும் 5 இலட்சத்து 40 ஆயிரமாகிவிடும். செலவைக் குறைத்துத் தருபவரின் வருமானம் குறைகிறது என்ற இந்த ஏற்பாடு எனக்கு ஏற்புடையதல்ல. ஒரே தொகை கேட்பவரிடம் பேசுங்கள். வீதம்தான் என்றால் உச்ச எல்லை ஒன்றை எழுத்தில் வையுங்கள். சதுர அடிக் கணக்காயின் பல்கனியும் சுவர்த் தடிப்பும் சேருமா என்று கேளுங்கள்.

"வடிவமைப்பு இலவசம்" என்று சொல்பவரிடம் அந்தச் செலவு தச்சு வேலையின் விலைக்குள் ஒளிந்திருக்கும். அதைவிட, வேலையை வேறொருவரிடம் கொடுக்க நினைத்தால் வரைபடம் உங்களுக்குக் கிடைக்காது. டைல்ஸ் கடைகளும் குளியலறைப் பொருள் கடைகளும் வடிவமைப்பாளர்களுக்குக் கழிவு (கமிஷன்) கொடுப்பது உண்டு. கிடைக்கும் கழிவு உங்கள் கணக்கில் வர வேண்டும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். விலை ஒப்பிட விரும்பினால் ஒரு காலைப்பொழுதைப் பழைய சோனகத் தெருவிலும் குவாரி வீதியிலும் செலவிடுங்கள். மரத் தளபாடத்துக்கு மொறட்டுவைப் பக்கம் போய்வாருங்கள். வாங்காவிட்டாலும் விலை தெரிந்தவராகத் திரும்புவீர்கள்.

7. வரைபடமும் அளவுப்பட்டியலும்

முழுப் பணியிலும் அதிக பொறுமை தேவைப்படும் கட்டம் இது. வழக்கமாக நடப்பது இப்படி: வடிவமைப்பாளர் கணினியில் செய்த முப்பரிமாணப் படங்களைக் கொண்டுவந்து காட்டுவார். மாலை வெயில் யன்னலால் விழும், மேசையில் பழக்கூடை இருக்கும், குடும்பமே மயங்கிவிடும். அந்த மயக்கத்திலேயே வேலைக்கான முற்பணமும் கைமாறிவிடும். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு தச்சர் ஒரு அலுமாரியைக்கூடச் செய்ய முடியாது.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை வேறு. தளபாட இட அமைவைக் காட்டும் தளவரைபடம், ஒவ்வொரு சுவரையும் நேராகப் பார்த்தபடி அளவுகளோடு வரைந்த முகப்புப் படங்கள், சீலிங் வரைபடம், மின்செருகிகளும் சுவிட்சுகளும் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் என்பதைக் காட்டும் மின் வரைபடம், நீர்க்குழாய் வரைபடம், ஒவ்வொரு கப்போர்ட்டினதும் உள்வெட்டுத் தோற்றம். இவற்றின் அச்சுப் பிரதியோடு திருத்தக்கூடிய கணினிக் கோப்பையும் கேளுங்கள். கட்டணம் முழுவதும் கட்டிய பின் அவற்றை வேறு ஒப்பந்தகாரரிடம் கொடுத்து வேலை செய்விக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை தடவை திருத்தம் இலவசம் என்பதும் அதே கடிதத்தில் இருக்கட்டும்.

வரைபடம் இறுதியானதும் அளவுப்பட்டியல். "குசினி கப்போர்ட் – மொத்தம் 9 இலட்சம்" என்று ஒற்றை வரியில் எழுதுவதை ஏற்காதீர்கள். எத்தனை அடி நீளம், என்ன பலகை, எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு, வெளிப்பூச்சு என்ன, கீல் எந்த வகை, மேடைக் கல் எது, கழுவுதொட்டியும் குழாயும் சேருமா என்பவை வரிவரியாகப் பிரிந்திருக்க வேண்டும். பலகை வகை இங்கே முக்கியம். மரநாரை அழுத்திச் செய்யும் சாதாரண எம்டிஎப் பலகை நீர் பட்டால் ஊதிவிடும். கழுவுதொட்டிக்குக் கீழும் குளியலறையிலும் கொதிநீர் தாங்கும் தரத்து பிளைவுட்டோ அலுமினியமோதான் நிலைக்கும். துருப்பிடிக்காத உருக்கு என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தத் தரம் என்று கேளுங்கள்; கடலோரத்தில் 304 ஐ விட 316 தாக்குப்பிடிக்கும்.

"அல்லது அதற்குச் சமமானது" என்ற சொற்றொடரைப் பட்டியலில் தேடுங்கள். ஒரு பெயர்பெற்ற வகையின் விலையைப் போட்டுவிட்டு மலிவான ஒன்றைப் பொருத்துவதற்கு அது கதவைத் திறந்து விடுகிறது. அதன் பின்னால் "வீட்டுக்காரரின் எழுத்து மூல சம்மதத்தோடு மட்டும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று ஒப்பந்தகாரரிடமாவது விலை கேளுங்கள். வரைந்தவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஒரே பட்டியலுக்கு விலை சொல்லும்போதுதான் ஒப்பீடு பொருளுள்ளதாகும்.

8. ஒப்பந்தமும் கொடுப்பனவும்

ஒப்பந்தம் இரண்டு பக்கமாக இருந்தாலும் போதும். ஆனால் வரைபடத் தொகுதியும் அளவுப்பட்டியலும் அதன் இணைப்புகளாக வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் சுருக்கொப்பமிட வேண்டும். தொடங்கும் திகதி, முடிக்கும் திகதி, தாமதத்துக்கு வாரத்துக்கு எவ்வளவு கழிக்கப்படும், மேற்பார்வைக்கு வடிவமைப்பாளர் எத்தனை தடவை தளத்துக்கு வருவார், வேலையாளுக்கு விபத்து நேர்ந்தால் நட்டஈட்டுக் காப்புறுதி யாருடையது, கீழ்வீட்டுக்கு நீர் கசிந்தால் யார் பொறுப்பு, இடிபாடுகளை யார் அகற்றுவது என்பவை விடுபடக்கூடாது. கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள்: உடைத்த டைல்ஸும் கொங்கிரீட்டும் வீட்டுக் குப்பையோடு போடக்கூடியவை அல்ல, லொறிக் கூலி கொடுத்தே அகற்ற வேண்டும்.

கொடுப்பனவைத் திகதிகளோடு இணைக்காமல் முடிந்த வேலையோடு இணையுங்கள். நான் பரிந்துரைக்கும் பிரிப்பு இது:

முற்பணம் 20 வீதம், மின், நீர், சுவர் வேலைகள் முடிந்ததும் 20, சீலிங்கும் தரையும் முடிந்ததும் 20, தச்சு வேலைகள் வீட்டுக்கு வந்து பொருத்தப்பட்டதும் 25, கையளிப்பில் 10, எஞ்சிய 5 வீதம் ஆறு மாதங்களின் பின்.

பலகை வாங்குவதற்கென்று 50, 60 வீதம் முற்பணம் கேட்பது இங்கே சாதாரணம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தாரிடம் அப்படி வாங்கிய பணம் வேறொரு வீட்டின் வேலைக்குப் போய், அவர்களுடைய அலுமாரிகள் மாதக்கணக்கில் வரவேயில்லை. பொருளுக்குத்தான் பணம் என்றால், பொருளை நீங்களே கடையில் உங்கள் பெயரில் பற்றுச்சீட்டோடு வாங்கி இறக்கலாம் என்று சொல்லுங்கள். பணத்தைக் காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ நிறுவனத்தின் கணக்குக்கே கொடுங்கள். மேற்பார்வையாளரின் கையில் காசாகக் கொடுக்க வேண்டாம்.

வேலை தொடங்கிய பின் வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், அது ஒரு செருகித் துளையாக இருந்தாலும், விலையையும் கூடுதல் நாட்களையும் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே செய்யச் சொல்லுங்கள். வட்ஸ்அப் செய்தியும் எழுத்துத்தான். ஆனால் அது அறுபது குரல் பதிவுகளுக்கு நடுவே புதைந்து கிடந்தால் தேவைப்படும்போது கிடைக்காது. வாரத்துக்கொரு முறை ஒரே மின்னஞ்சலில் தொகுத்து அனுப்பிவிடுங்கள்.

வீட்டு உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்து, இங்கே பெற்றோரோ சகோதரரோ வேலையைக் கவனிப்பதாயின், யார் கையொப்பமிடலாம், யார் மாற்றத்துக்குச் சம்மதிக்கலாம் என்பதை ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதுங்கள். அனுமதி விண்ணப்பங்களில் உரிமையாளரின் கையொப்பம் தேவைப்படும் இடங்களுக்கு அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையொப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) வேண்டியிருக்கலாம். அதைத் தயாரித்து அனுப்பிப் பதிவுசெய்யக் காலமெடுக்கும் என்பதால் முதலிலேயே சட்டத்தரணியைக் கேட்டுவிடுங்கள்.

9. காலக் கணக்கு

சுமார் ஆயிரம் சதுர அடித் தொடர்மாடி வீட்டுக்கு, அளவெடுத்து எண்ணவரைபடம் (யோசனையைக் காட்டும் முதல் வரைபடம்) வர மூன்று வாரம், விரிவான வரைபடங்களுக்கு நான்கு வாரம், விலை கேட்டு ஒப்பிட மூன்று வாரம், வேலைக்குப் பத்து முதல் பதினான்கு வாரம் என்று திட்டமிடுங்கள். இதைவிட விரைவாக முடிப்பதாகச் சொல்பவரிடம் எந்தக் கட்டத்தைத் தவிர்க்கப் போகிறார் என்று கேளுங்கள்.

நாட்காட்டியில் சில இடங்களை முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும் வேலையாட்கள் உடனே திரும்புவதில்லை. ஏப்ரலில் இரண்டு வாரமாவது வேலை நடக்காது. வெசாக் நாட்களும் டிசம்பர் இறுதி வாரமும் அப்படியே. பல தொடர்மாடிகளில் ஞாயிறும் போயாவும் சத்தமிடும் வேலைக்கு இடமில்லை. வெளிச்சுவர்ப் பெயின்ட்டையும் பல்கனி நீர்த்தடுப்பையும் மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவ மழைக்குள்ளும், ஒக்டோபர், நவம்பர் மழைக்குள்ளும் மாட்டிவிடாதீர்கள். குடிபூரலுக்கு நாள் பார்ப்பவர்கள், ஆடியும் மார்கழியும் விலகும்படி பார்த்து, ஒப்பந்தத்தின் முடிவுத் திகதிக்குக் குறைந்தது ஒரு மாதம் பின்னால் நாளை வையுங்கள். அழைப்பிதழ் அடித்த பின் உங்கள் அவசரம் ஒப்பந்தகாரருக்குத் தெரிந்துவிடும். தரத்தைப் பற்றி வாதாடும் பலம் அதோடு போய்விடும்.

10. வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியவை

நாள்தோறும் நிற்கத் தேவையில்லை, ஆனால் சில கணங்களைத் தவறவிடக்கூடாது. சுவரை மூடுவதற்கு முன் கம்பிகளையும் குழாய்களையும் அளவுநாடாவோடு படமெடுங்கள். குளியலறையில் நீர்த்தடுப்புப் பூசியதும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி 48 மணித்தியாலம் விட்டுக் கீழ்வீட்டுச் சீலிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பலகை இறங்கும் நாளில் தரமுத்திரையைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள், ஏனெனில் மேற்பூச்சு ஒட்டிய பின் உள்ளே என்ன இருக்கிறதென்று எவராலும் சொல்ல முடியாது. எஞ்சிய டைல்ஸில் ஒரு பெட்டியையாவது கேட்டு வாங்கி வையுங்கள். அதே வகை பிறகு கிடைக்காமல் போகலாம்.

11. கையேற்றலும் இறுதிப் பணமும்

வேலை முடிந்துவிட்டது என்று சொல்லப்படும் நாளில், பகல் வெளிச்சத்தில், அறை அறையாகச் சென்று குறைகளை எழுதுங்கள். எல்லா இழுப்பறைகளையும் திறந்து மூடுங்கள். எல்லாச் செருகித் துளைகளிலும் ஒரு விளக்கை மாட்டிப் பாருங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து வடிகால் தேங்குகிறதா என்று பாருங்கள். பட்டியலில் இரு தரப்பும் திகதியிட்டுக் கையொப்பமிட்ட பின், குறைகள் தீர்ந்ததும் அந்த 10 வீதத்தைக் கொடுங்கள். அதற்கு முன் உத்தரவாதப் பத்திரங்கள், பொருட்களின் பற்றுச்சீட்டுகள், பெயின்ட்டின் நிற இலக்கங்கள், வேலைக்கிடையில் மாறியவற்றைச் சேர்த்துத் திருத்திய இறுதி வரைபடங்கள் ஆகியவை உங்கள் கோப்புக்கு வந்திருக்க வேண்டும். கட்டட முகாமையாளரிடம் பொதுவிடங்களுக்குச் சேதமில்லை என்று எழுத்தில் பெற்று வைப்புப் பணத்தை மீட்டுக்கொள்ளுங்கள்.

பிணக்கு ஏற்பட்டால், முதலில் ஒப்பந்தத்தின் வாசகத்தைக் காட்டிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதற்குப் பதிலில்லையென்றால் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபையை நாடலாம். பொருளின் தரம், பற்றுச்சீட்டு, உத்தரவாதம் பற்றிய முறைப்பாடாயின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பெரிய தொகையாயின் சட்டத்தரணியிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆறு மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டை மீண்டும் ஒருமுறை அதே பட்டியலோடு சுற்றிப் பாருங்கள். ஒரு மழைக்காலமாவது அதற்குள் கடந்திருந்தால் யன்னல் ஓரங்களிலும் பல்கனிக் கதவடியிலும் ஈரக்கசிவு வெளிப்பட்டிருக்கும். அவற்றைச் சீர்செய்வித்த பிறகு எஞ்சிய 5 வீதத்தைக் காசோலையாகக் கொடுத்து, கணக்கு முழுவதும் தீர்ந்ததாக எழுதி ஒப்பமிட்ட பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள்.